டிஸ்க்வேர்ல்ட் வரிசையை முடித்தாகிவிட்டது, அடுத்து யாரைப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் வரிசை நகைச்சுவை மிகுபுனைவு (ஃபேண்டசி) நாவல்கள் மொத்தம் 41. முதலாவது 'தி கலர் ஆஃப் மேஜிக்', 1983. கடைசி 'தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்', 2015. ஒரு பெரிய ஆமை, அதன் முதுகில் நான்கு யானைகள், அவற்றின் மேல் தட்டையான ஓர் உலகம். கூர்மாவதாரமும் திக்கஜங்களும் தெரிந்த நமக்கு இந்த ஏற்பாடு அப்படியொன்றும் அதிசயமாகப் படாது. அந்த உலகத்தில் வசித்துப் பழகிவிட்டு வெளியே வந்து விழிப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே.

உண்மையிலேயே இனி ஒரு டிஸ்க்வேர்ல்ட் நாவல் வராதா? டிராயரில் ஏதாவது கையெழுத்துப் பிரதி கிடக்காதா?

வராது. பிராட்செட் 2015 மார்ச் 12 அன்று காலமானார். முடிக்காத எழுத்துகள் எல்லாம் ஸ்டீம் ரோலரின் அடியில் போகவேண்டும் என்பது அவருடைய விருப்பம். 2017 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் நடக்கும் நீராவி இயந்திரத் திருவிழாவில், அவருடைய உதவியாளர் ராப் வில்கின்ஸ் அந்த எழுத்துகள் இருந்த ஹார்டு டிஸ்க்கைத் தரையில் வைத்தார். 'லார்ட் ஜெரிக்கோ' என்ற பழங்காலத்து ரோலர் அதன் மேல் பலமுறை ஏறி இறங்கியது. டிஸ்க் எதிர்பார்த்ததைவிடக் கெட்டியாக இருந்திருக்கிறது. கடைசியில் கான்கிரீட் நொறுக்கும் இயந்திரத்தில் போட்டுத்தான் கதையை முடித்தார்கள். இந்தக் காட்சியை அவரே எழுதியிருந்தால் ரோலர் ஓட்டுநருக்கு ஒரு பெயரும், ஹார்டு டிஸ்க்குக்கு ஓர் அடிக்குறிப்பும் கொடுத்திருப்பார்.

டோல்கீன் இறந்த பிறகு அவருடைய மகன் கிறிஸ்டோபர் காகிதக் கட்டுகளைப் பிரித்து 1977இல் 'தி சில்மரிலியன்' கொண்டுவந்தார். ராபர்ட் ஜோர்டன் 2007இல் மறைந்தபோது அவருடைய நெடுந்தொடரை பிராண்டன் சாண்டர்சன் எடுத்து 2013இல் முடித்துவைத்தார். பிராட்செட் விஷயத்தில் அந்தக் கதவு திறக்காது. 'தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்'தான் கடைசி என்று அவருடைய மகள் ரியானாவும் சொல்லிவிட்டார்.

அவர் எழுதியவற்றில் நான் தவறவிட்டது ஏதாவது இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். புதிய ஆளைத் தேடிப் புறப்படும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்வேர்ல்டுக்கு வெளியே அவர் எழுதியவற்றைப் பலர் தொடுவதே இல்லை. ஒரு கடையின் தரைக்கு அடியில் வாழும் குட்டி மனிதர்களைப் பற்றிய 'டிரக்கர்ஸ்' (1989), அதைத் தொடரும் இரண்டு புத்தகங்கள், டிக்கன்ஸ் காலத்து லண்டனில் நடக்கும் 'டாட்ஜர்' (2012) ஆகியவை அப்படிப்பட்டவை. செய்தித்தாள்களில் புனைபெயரில் எழுதி மறந்துபோன ஆரம்பகாலச் சிறுகதைகளைத் தேடியெடுத்து 2023இல் 'எ ஸ்ட்ரோக் ஆஃப் தி பென்' என்று வெளியிட்டார்கள். சுமார்தான், விசுவாசிகளுக்கானது.

எதை விட்டாலும் 'நேஷன்' (2008) நாவலை விடாதீர்கள். ஆழிப்பேரலையில் தன் தீவு மக்கள் அத்தனை பேரையும் பறிகொடுத்த ஒரு சிறுவன், கடவுள்கள் மேல் கோபத்தோடு நிற்கும் கதை. 2004 டிசம்பரைப் பார்த்த கரைகளில் வாழ்கிறவர்களுக்கு அது வெறும் கற்பனைக் கதையாக இருக்காது. அவருடைய ஆகச் சிறந்த புத்தகம் அதுதான் என்பது என் கட்சி. நண்பர்களோடு இதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறேன்.

அட்டையில் 'அடுத்த பிராட்செட்' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

கூடாது. அந்த வரி புத்தகத்தை விற்பவருக்கு உதவும், படிப்பவருக்கு உதவாது. பெரும்பாலும் அதற்குப் பொருள், உள்ளே ஒரு முட்டாள் மந்திரவாதி இருக்கிறான், பக்கத்துக்கு மூன்று சிலேடை இருக்கிறது என்பதுதான். 'இதைப் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும்' என்று கடைத் தளங்கள் நீட்டும் பட்டியலும் ஏறத்தாழ இதே ரகம். ஒரே வண்டியில் ஏறிய சாமான்களைக் காட்டுமே தவிர, நீங்கள் ஏன் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தீர்கள் என்று அதற்குத் தெரியாது.

சரி, நான் எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லையே?

இதுதான் சரியான கேள்வி. உங்கள் மனதில் தங்கிய ஓர் இடத்தை எடுத்துத் திரும்பப் படியுங்கள். என்னுடையதைச் சொல்கிறேன். 'மென் அட் ஆர்ம்ஸ்' (1993) நாவலில் நகரக் காவல்படைத் தலைவர் சாம் வைம்ஸ் பூட்ஸைப் பற்றி யோசிக்கிறார். அவருக்கு மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர், வாங்கினால் பத்து வருடத்துக்கும் மேல் உழைக்கும். அவரால் வாங்க முடிவதோ 10 டாலர் பூட்ஸ். ஒன்றிரண்டு பருவத்தில் அடிப்பாகம் அட்டைபோல் கரைந்துவிடும். பத்து வருட முடிவில் ஏழை 100 டாலர் செலவழித்திருப்பான், பாதம் ஈரமாகவே இருக்கும். பணக்காரன் 50 டாலரோடு நிறுத்திக்கொண்டு இன்னும் அதே பூட்ஸில் நடந்துகொண்டிருப்பான். 2022இல் பிரிட்டனில் மலிவுப் பொருள்களின் விலையேற்றத்தைக் கணக்கிடும் ஒரு முயற்சிக்கு வைம்ஸ் பூட்ஸின் பெயரையே வைத்தார்கள்.

அந்த இடத்தில் டிராகன் இல்லை, மந்திரம் இல்லை, சிரிப்புகூட அதிகம் இல்லை. இருப்பது கோபம். மிகவும் மரியாதையான, கணக்குப் போட்டுக் காட்டுகிற கோபம். எனக்கு வேண்டியது அதுதான் என்று தெரிந்தபின் தேடல் சுருங்கிவிட்டது. உங்களுக்குப் பிடித்த இடம் வேறாக இருக்கலாம். சூனியக்காரி பாட்டி வெதர்வேக்ஸ் ஒருவரை முறைக்கும் இடமாக இருக்கலாம். மரணம் என்கிற பாத்திரம் பூனைக்குட்டியைத் தடவிக்கொடுக்கும் இடமாகவும் இருக்கலாம். கீழே உள்ள பதில்களை அதற்கேற்றபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

காவல்படை நாவல்கள்தான் எனக்கு உயிர். யாரிடம் போவது?

பென் ஆரனோவிச்சிடம். 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' (2011) நாவலில் பீட்டர் கிராண்ட் என்ற இளம் போலீஸ்காரர் கொலை நடந்த இடத்தில் இரவுக் காவல் நிற்கிறார். சாட்சி சொல்ல ஒருவர் வருகிறார். விசாரித்துக்கொண்டு போனால் அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. பீட்டர் அலறவில்லை, நோட்டுப் புத்தகத்தை எடுத்து வாக்குமூலம் எழுதத் தொடங்குகிறார். ஆவியே ஆனாலும் படிவம் படிவம்தான் என்கிற அந்த அலுவலகப் புத்தி வைம்ஸின் ஆட்களுக்கு உறவுமுறை. நிறைய புத்தகங்கள் வந்திருப்பதால் நீண்ட நாள் தாங்கும். நடுவில் சில தளர்வானவை, பொறுத்துக்கொள்ளலாம்.

கசப்பு தாங்கும் என்றால் கே. ஜே. பார்க்கர். 'சிக்ஸ்டீன் வேஸ் டு டிஃபெண்ட் எ வால்டு சிட்டி' (2019) பாலம் கட்டும் ராணுவப் பொறியாளன் ஒருவன் பொய்யும் புரட்டும் செய்து முற்றுகையிலிருந்து ஒரு நகரத்தைக் காப்பாற்றப் பார்க்கும் கதை. மந்திரம் துளியும் கிடையாது. நகரம் எப்படி இயங்குகிறது, சோறு எங்கிருந்து வருகிறது, கூலியை யார் கொடுப்பது என்கிற கவலைகளே கதையை ஓட்டுகின்றன. அஞ்சல் அலுவலகம் பற்றிய பிராட்செட்டின் 'கோயிங் போஸ்டல்' பிடித்தவர்கள் இதை முதலில் எடுங்கள். பார்க்கர் யார் என்பது வெகுகாலம் ரகசியமாக இருந்தது. நகைச்சுவை மிகுபுனைவு எழுதிக்கொண்டிருந்த டாம் ஹோல்ட்தான் அவர் என்று 2015இல் வெளிவந்தது.

சூனியக்காரிகள்? பாட்டி வெதர்வேக்ஸ், டிஃபனி ஏக்கிங் இல்லாமல் எப்படி இருப்பது?

டயானா வின் ஜோன்ஸ் இருக்கிறார். 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' (1986) என்றதும் ஜப்பானிய அனிமேஷன் படம் நினைவுக்கு வரும். புத்தகம் அதைவிடக் குறும்பானது. தொப்பிக் கடையில் அடங்கி ஒடுங்கி வேலை பார்க்கும் சோஃபி, சாபத்தால் ஒரே நொடியில் கிழவியாகிவிடுகிறாள். ஆனதும் அவளுக்கு வாய் திறந்துவிடுகிறது. கிழவியை யார் தட்டிக்கேட்பது? யார் வீட்டிலும் நுழைவாள், யாரையும் அதட்டுவாள், மந்திரவாதியின் அறையைக் கேட்காமலே பெருக்குவாள். முதுமையைப் பலமாக மாற்றிக் காட்டுவதில் பிராட்செட்டுக்குச் சமமாக நிற்கக்கூடியவர் இவர். மிகுபுனைவின் தேய்ந்துபோன வழக்கங்களைச் சுற்றுலாக் கையேடு வடிவத்தில் கிண்டலடித்து 1996இல் 'தி டஃப் கைடு டு ஃபேண்டசிலேண்ட்' என்றும் எழுதினார். அதைப் படித்தபின் எந்த நாவலிலும் வீரர்கள் சட்டியில் கறிக்குழம்பு வைக்கும்போது சிரிப்பு வந்துவிடும்.

இப்போது எழுதுகிறவர்களில் டி. கிங்ஃபிஷர், அதாவது உர்சுலா வெர்னன். 'எ விசார்ட்ஸ் கைடு டு டிஃபென்சிவ் பேக்கிங்' (2020) நாவலின் பதினான்கு வயது மோனாவுக்கு மந்திரம் ரொட்டி மாவிடம் மட்டுமே பலிக்கும். பேக்கரியின் நிலவறையில் பாப் என்று பெயரிட்ட புளித்த மாவு ஒன்று வாளிக்குள் கிடந்து மனிதர்களை முறைக்கிறது. பெரியவர்கள் செய்ய மறந்த வேலையைப் பிள்ளைகள் ஏன் செய்யவேண்டியிருக்கிறது என்ற கேள்வியை மோனா கேட்கும்போது டிஃபனி ஞாபகம் வருவாள்.

நகைச்சுவை வேண்டாம், பாட்டியின் மௌனம் வேண்டும் என்றால் உர்சுலா லெ குவின். 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' (1968) தொடங்கி வரிசையாகப் போங்கள். 1990இல் வந்த 'டெஹானு' வரை பொறுமை தேவை.

எனக்கு அந்த அடிக்குறிப்புகள்தான் பிடிக்கும்.

இருவர். ஜோனதன் ஸ்டிரவுடின் 'தி அமுலெட் ஆஃப் சமர்கண்ட்' (2003) நாவலில், ஆயிரக்கணக்கான வருடம் வாழ்ந்து அலுத்துப்போன பார்டிமேயஸ் என்ற பூதம் தன் கதையைத் தானே சொல்கிறது. அடிக்குறிப்பிலும் தற்பெருமை அடித்துக்கொள்கிறது. சிறுவர் புத்தகம் என்று ஒதுக்கவேண்டாம். அடிமைப்பட்ட பூதங்களின் மேல் உட்கார்ந்து ஆட்சி நடத்தும் லண்டன் அது.

இன்னொருவர் சுசன்னா கிளார்க். 'ஜோனதன் ஸ்டிரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்' (2004) நெப்போலியன் காலத்து இங்கிலாந்தில் மந்திரம் மறுபடி தலையெடுக்கும் கதை. ஏறக்குறைய 200 அடிக்குறிப்புகள். சில பக்கக்கணக்கில் ஓடி, தனிக் கதையாகவே முடியும். முதல் 200 பக்கம் மெதுவாகப் போகும் என்பது உண்மை. அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் கொடுக்கும் ஹியூகோ விருது 2005இல் இதற்குத்தான் கிடைத்தது. அந்த வருடப் போட்டியில் 'கோயிங் போஸ்டல்' நாவலும் இடம்பெற்றிருக்கவேண்டும், பிராட்செட் வேண்டாம் என்று விலகிக்கொண்டார்.

விருதுப் பட்டியலை வைத்துத் தேடலாமா?

தேடலாம், பாதிப் பலன் கிடைக்கும். ஹியூகோ, நெபுலா, உலக மிகுபுனைவு விருது ஆகியவற்றின் இறுதிப் பட்டியல்கள் வென்றவர்களைவிடப் பயனுள்ளவை. ஆனால் சிரிக்கவைக்கும் புத்தகங்களுக்கு நடுவர்கள் கைநீட்டிக் கொடுப்பது அபூர்வம். பிராட்செட்டின் நாவல்களுக்கே பெரிய விருது என்று வந்தது சிறுவர் இலக்கியத்துக்கான கார்னகி பதக்கம்தான், எலிகளும் பேசும் பூனையும் வரும் 'தி அமேசிங் மாரிஸ்' நாவலுக்காக.

அவர் யாரைப் படித்து வளர்ந்தார்?

தேடலில் எனக்கு அதிகம் கொடுத்த வழி இதுதான். ஆற்றோடு இறங்கிப் போனால் அவரைப் பார்த்து எழுதியவர்கள் கிடைப்பார்கள். எதிர்த்துப் போனால் அவரை உண்டாக்கியவர்கள் கிடைப்பார்கள், சரக்கு அங்கேதான் அதிகம்.

பிராட்செட் 1948இல் பீக்கன்ஸ்ஃபீல்டில் பிறந்தார். பத்து வயதுவாக்கில் 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' கைக்கு வந்தது, படிக்கும் பித்துப் பிடித்துக்கொண்டது. உள்ளூர்ப் பொது நூலகத்தில் சனிக்கிழமைகளில் வேலை பார்த்தார். படிப்பு தனக்குப் பள்ளியைவிட அந்த நூலகத்தில்தான் கிடைத்தது என்று சொல்லிவந்தார். டிஸ்க்வேர்ல்டின் மாயப் பல்கலைக்கழகத்து நூலகரை உராங்குட்டானாக மாற்றி, அவருக்கு அத்தனை மரியாதை கொடுத்ததன் பின்னணி இதுவாக இருக்கலாம்.

அதே பீக்கன்ஸ்ஃபீல்டில் வாழ்ந்து 1936இல் இறந்தவர் ஜி. கே. செஸ்டர்டன். நீல் கெய்மனோடு சேர்ந்து பிராட்செட் எழுதிய 'குட் ஓமென்ஸ்' (1990) செஸ்டர்டன் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. செஸ்டர்டனின் 'தி நெப்போலியன் ஆஃப் நாட்டிங் ஹில்' (1904) ஒரு லண்டன் பேட்டை தனி நாடாகப் போரில் இறங்கும் கதை. கேலிக்காக ஒருவர் போட்ட சட்டத்தை இன்னொருவர் நிஜமென்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? டிஸ்க்வேர்ல்டின் ஆங்க்-மார்போர்க் நகரத்துக் கில்டுகளின், அதாவது தொழில் சங்கங்களின், வாசனை உங்களுக்கு அங்கே அடிக்கும்.

அடுத்து ஃபிரிட்ஸ் லைபர். 'தி கலர் ஆஃப் மேஜிக்' தொடக்கத்தில் நகரம் எரிவதைக் குன்றின் மேலிருந்து பார்க்கும் இரு வீரர்கள் லைபரின் கதைகளில் சேர்ந்தே வரும் இரு வீரர்கள் மீதான நேரடிக் கேலி. லைபரின் அந்த ஜோடி 1939இல் அறிமுகமானது. மூலத்தைப் படித்துவிட்டுத் திரும்பினால் கேலி இரண்டு மடங்கு இனிக்கும்.

சிரிப்பு மட்டும் போதும், மிகுபுனைவாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

உட்ஹவுஸ், ஜெரோம் கே. ஜெரோம் ஆகியோரை ஏற்கெனவே படித்திருப்பீர்கள். அதிகம் பேர் போகாத பக்கம் ஒன்று சொல்கிறேன். சோவியத் எழுத்தாளர்கள் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 'மண்டே பிகின்ஸ் ஆன் சாட்டர்டே' (1965). ஒரு கணினி நிரலாளர் காரில் போகிறார், வழியில் இருவரை ஏற்றிக்கொள்கிறார், வடக்கே ஒரு மந்திர ஆராய்ச்சி நிறுவனத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார். செலவழித்தாலும் பைக்குத் திரும்பிவந்துவிடும் ஐந்து கோபெக் நாணயம் ஒன்று அவருக்குக் கிடைக்கிறது. நிரலாளர் அல்லவா, சோதித்துப் பார்க்கிறார். எதையெதையோ வாங்கி, எத்தனை தூரத்தில் நாணயம் திரும்புகிறது என்று ஆராயும்போது போலீஸ் பிடித்துப்போய் ரிப்போர்ட் எழுதுகிறது. அரசு அலுவலகத்தில் ஒருநாளாவது வேலை பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாயப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களுக்கு மூத்த அண்ணன்மார் இந்த நிறுவனத்துக்காரர்கள்.

ஜாஸ்பர் ஃபோர்டின் 'தி ஐர் அஃபேர்' (2001) நாவலில் ஜேன் ஐரை அவள் நாவலுக்குள்ளிருந்தே கடத்திவிடுகிறார்கள். இலக்கியக் கிண்டல் பிடித்தவர்களுக்கு மட்டும்.

இந்தியா, இலங்கைப் பக்கம் யாரும் இல்லையா?

ஆங்கிலத்தில் சமித் பாசு இருக்கிறார். 2003இல் வந்த 'தி சிமோகின் ப்ரோஃபசீஸ்' நம் இதிகாசங்களையும் மேற்கத்திய மிகுபுனைவையும் ஒன்றாகக் கலந்து கலாய்க்கிறது. இளமைத் துடிப்பும் உண்டு, இளமைக்கே உரிய அளவு மீறலும் உண்டு.

கொழும்புக்காரர் வஜ்ர சந்திரசேகர எழுதிய 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023) நெபுலா விருது பெற்றது. தந்தையைக் கொல்லவென்றே தாய் வளர்த்த ஒருவன் அந்த வேலையை விட்டுவிட்டு நகரத்துக்கு ஓடிவருகிறான். அங்கே அவனைப்போலவே விதியால் தேர்ந்தெடுக்கப்பட்டு அது பலிக்காமல் போனவர்கள் கூடி ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ளும் குழு ஒன்று இருக்கிறது. இந்த யோசனையைக் கேட்டால் பிராட்செட் பொறாமைப்பட்டிருப்பார். ஆனால் நாவலின் நிறம் இருட்டு. தீவின் இனவெறுப்பையும் மதத்தின் பேரில் நடந்தவற்றையும் அறிந்தவர்களுக்குப் பல பக்கங்கள் உறைக்கும்.

தமிழில்?

புதுமைப்பித்தனைத் திரும்ப எடுங்கள். பாடப்புத்தகத்தில் படித்ததோடு நிறுத்தியவர்களுக்குச் சொல்கிறேன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். பிள்ளை அவரைக் காபி ஹோட்டலுக்கு அழைத்துப்போய், பேச்சோடு பேச்சாகத் தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா சேர்க்கப் பார்க்கிறார். ஆயுள் சந்தா என்றால் யாருடைய ஆயுள் என்பது அங்கே நியாயமான சந்தேகம். ஒரே ஒரு நிஜ பக்தனோடு ஆமையாக வந்திறங்கும் கடவுளைப் பற்றிய பிராட்செட்டின் 'ஸ்மால் காட்ஸ்' (1992) நாவலைப் படித்த கையோடு இதைப் படியுங்கள். நம் ஆள் சுமார் அரை நூற்றாண்டு முந்திவிட்டார், அதுவும் சிறுகதை அளவுக்குள். 'காலனும் கிழவியும்' கதையில் உயிரை எடுக்க வந்த எமன் கிழவியின் வாய்க்கு ஈடுகொடுக்க முடியாமல் திரும்புகிறான். டிஸ்க்வேர்ல்டின் மரணத்துக்கு அந்தக் கிழவியை அறிமுகப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை.

நாவல் அளவில், இதே குணத்தோடு, வரிசையாக எழுதித் தள்ளிய ஒருவரைத் தமிழில் என்னால் காட்ட முடியவில்லை. யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குகிறேன்.

பிடிக்காவிட்டால் எத்தனை பக்கத்தில் நிறுத்தலாம்?

ஐம்பது. சுசன்னா கிளார்க்குக்கு மட்டும் விதிவிலக்கு. ஆனால் ஒரு புத்தகத்தை வைத்து ஆளைத் தள்ளிவிடாதீர்கள். 'தி கலர் ஆஃப் மேஜிக்' மட்டும் படித்துவிட்டு நிறுத்தியிருந்தால் பிராட்செட்டையே நீங்கள் ஒதுக்கியிருப்பீர்கள். தொடர் எழுதுகிறவர்களிடம் மூன்றாவது நான்காவது புத்தகத்தில் நுழைவது பல சமயம் நல்ல வழி.

காசு அதிகம் ஆகுமே?

மேலே சொன்ன பழையவர்களிலிருந்து தொடங்கினால் ஆகாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடம் கழிந்தால் பதிப்புரிமை முடிகிறது. செஸ்டர்டன், ஜெரோம், 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' எழுதிய கென்னத் கிரஹாம் எல்லாம் குட்டன்பர்க் தளத்தில் இலவசம். உட்ஹவுஸ் 1975இல் இறந்தவர், அவருக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. புதியவர்களை மின்னூலாக வாங்கும் முன் இலவச மாதிரிப் பக்கங்களை இறக்கிப் படித்துவிடுங்கள். நடை ஒத்துவருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

ஆங்கிலம் ஓரளவு ஓடும் என்றால் டயானா வின் ஜோன்ஸின் 'சார்ம்டு லைஃப்' (1977). பெரியவர்கள் எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு எப்போதும் இருக்கும் சந்தேகத்தின் மேல் கட்டிய கதை. அது பிடித்துவிட்டால் பிராட்செட்டின் 'தி வீ ஃப்ரீ மென்' கொடுங்கள். நீல நிறக் குட்டிச் சண்டைக்காரர்களின் ஸ்காட்லாந்துப் பேச்சு முதலில் புரியாது, வாய்விட்டுப் படித்தால் புரியும். நீங்கள் படித்துக் காட்டினால் இன்னும் நல்லது, ஆனால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கும்.